இருக்கை கேட்கும் உயரம்

ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு பொய் சொல்ல ஆசை வரும். டிஸ்னி வேர்ல்ட் நுழைவாயிலில் டிக்கெட் வயதைப் பொறுத்தது. 3 வயது நிரம்பாத குழந்தைக்கு இலவசம், 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆகிவிட்டால் பெரியவர். அங்கே பிள்ளையின் வயதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல நாக்கு துடிக்கும். உள்ளே போய் ரோலர் கோஸ்டர் வாசலில் நின்றால் வயது போய் உயரம் வந்துவிடும். இப்போது அதே பிள்ளையைக் குதிகாலைத் தூக்கச் சொல்லத் தோன்றும். நம் பக்கத்து வொண்டர்லா பூங்காக்களில் டிக்கெட்டே உயரத்தை வைத்துத்தான். அங்கே போகிற அப்பாக்களின் பாடு இன்னும் கஷ்டம். கவுண்டரில் முழங்காலை மடக்கி நின்ற பையன், ரைடு வாசலில் விறைப்பாக நிமிர வேண்டும்.

2024 நவம்பர், தேங்ஸ்கிவிங் விடுமுறை வாரம். அட்லாண்டாவில் இருக்கும் தங்கையின் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். 75-ஆம் எண் நெடுஞ்சாலை ஜார்ஜியாவின் நடுவே நேர் தெற்காக இறங்குகிறது. வழியில் பெட்ரோல் பங்க்குகளில் அவித்த வேர்க்கடலை சுடச்சுடக் கிடைக்கும். உப்புப் போட்டுத் தோலோடு வேகவைத்தது. நம் ஊர்க் கடலைதான். ஆளுக்கொரு கோப்பை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

தங்கையின் மகள் இனியாவுக்கு 9 வயது, மகன் கவினுக்கு ஐந்தரை. கிளம்புவதற்கு முன் சமையலறைச் சுவரில் இரண்டு பேரையும் நிறுத்தி டேப் வைத்து அளந்திருந்தாள் தங்கை. இனியா 52 அங்குலம். கவின் ஷூவோடு சேர்த்து 43. அதை அவன் வழியெல்லாம் மறக்கவில்லை.

“மாமா, நாளைக்குள்ள ஒரு இன்ச் வளர முடியுமா?”

“தூங்குனா வளரலாம்டா” என்றேன். உடனே கண்ணை மூடிக்கொண்டான்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இரவில் படுத்து எழுந்த உடம்பு கொஞ்சம் நீண்டிருக்கும். பகலெல்லாம் நின்று நடப்பதில் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி, பெரியவர்கள் மாலைக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோவார்கள். குழந்தைகளுக்கும் இது உண்டு. காலையில் ரைடு வாசலில் உயரம் அளக்கும் கோலைத் தொட்ட பிள்ளை சாயங்காலம் தொடாமல் போவதும், “காலைல விட்டாங்களே!” என்று அம்மாக்கள் சண்டை பிடிப்பதும் இதனால்தான்.

டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தது. பரப்பு ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியில் பாதிக்கும் மேல். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள். பழைய பூங்காவான மேஜிக் கிங்டத்துக்குக் காரை நிறுத்திவிட்டு நேராக நடந்து போக முடியாது. மோனோரயிலில் போகலாம், அல்லது செயற்கை ஏரியைப் படகில் கடக்கலாம். நாங்கள் படகில் போனோம். தெலுங்கு, குஜராத்தி, தமிழ் எல்லாம் காதில் விழுந்தன. எதிர்க்கரையில் கோட்டையின் கோபுரம் தெரிந்ததும் மொத்தப் படகும் செல்போனைத் தூக்கியது.

உள்ளே உயரக் கணக்கு படிப்படியாக ஏறுகிறது. பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டருக்கு 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38. நாங்கள் போனபோது பிக் தண்டர் மலைக்கும் அந்த ஆண்டு ஜூனில் திறந்த டியானாவின் படகுச் சவாரிக்கும் 40. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. டிரான் என்ற பைக் வடிவ ரைடுக்கு 48, அதாவது 122 சென்டிமீட்டர். பேய் மாளிகை, கடற்கொள்ளையர், டம்போ யானை போன்றவற்றுக்கு அளவே கிடையாது. ஆனால் 7 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை எதில் ஏறினாலும் 14 வயது நிரம்பிய ஒருவர் கூட வர வேண்டும்.

இந்த எண்களை வளர்ச்சி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரியும். அமெரிக்க அட்டவணையில் நடுத்தரப் பையன் 4 வயதில் 102 சென்டிமீட்டர் இருக்கிறான், 7 வயதில் 122. ஆகவே 40 அங்குலம் என்பது அங்கே ஏறக்குறைய 4 வயது, 48 என்பது 7 வயது. இந்தியப் பிள்ளைகள் சராசரியாக அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் இருப்பார்கள். சின்ன உடம்புக்காரப் பிள்ளையின் பெற்றோர் அமெரிக்க நண்பர்களின் அனுபவத்தை நம்பிக் கிளம்பாமல், வீட்டிலேயே டேப்பை எடுப்பது நல்லது.

பார்ன்ஸ்டார்மரும் சுரங்க ரயிலும் கவினுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிக் தண்டரிலும் அவனை ஏற்றினார்கள். அங்கே ஒன்றைக் கவனித்தேன். ஒரு வரிசைக்கு ஒரே ஒரு தடுப்புக் கம்பி. மாப்பிள்ளையும் கவினும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கம்பி இறங்கி மாப்பிள்ளையின் தொடையில் முட்டி நின்றது. கவினின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வண்டி ஒரு மேட்டைத் தாண்டிச் சட்டென்று இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டுக் கொஞ்சம் எழும்பும். பெரியவருக்குத் தொடையிலேயே கம்பி பிடித்துக்கொள்ளும். பிள்ளை எழும்பி எங்கே போய் முட்டும், பக்கவாட்டில் எவ்வளவு சரியும், கால் தரையில் ஊன்றுமா, கைக்கு எட்டிய தூரத்தில் பிடிமானம் இருக்கிறதா என்பதையெல்லாம் வடிவமைப்பாளர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். குழந்தையின் உடம்பில் தலையின் பங்கு அதிகம். கனம் மேல்பக்கமாக இருப்பதால் இடுப்புக்குக் கீழே மட்டும் பிடித்தால் மேலுடம்பு வேகமாக ஆடும்.

இதையெல்லாம் ரைடு வாசலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தொடை நீளம், உட்கார்ந்த உயரம், இடுப்பு அகலம், சொன்னபடி அசையாமல் உட்காரும் பக்குவம் எல்லாமே ஓரளவு உயரத்தோடு சேர்ந்து வளர்கின்றன. அதனால் ஒரே ஒரு கோல் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கேளிக்கை ரைடுகளுக்கான விதிகளை எழுதும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் எஃப்24 குழு 1978-இல் தொடங்கியது. ரைடு உடம்பை எவ்வளவு தூக்கும், எந்தப் பக்கம் தள்ளும் என்பதை வைத்து அது தடுப்புகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குத் தடுப்பே வேண்டாம். ஐந்தாவது வகுப்பில் ஆளுக்கொரு தனித்தடுப்பு. ஒரு பூட்டு கைவிட்டாலும் உடம்பைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று.

கோல் உண்மையில் அளப்பது இருக்கையை என்பதற்கு ஸ்பேஸ் மவுண்டனைவிட நல்ல சாட்சி கிடையாது. ஃப்ளோரிடாவில் அது 1975-இல் திறந்தது. ஒருவர் பின் ஒருவராகக் காலை நீட்டி உட்காரும் தனித்தனி இருக்கைகள். 44 அங்குலம் வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அதே பெயரில் திறந்ததில் ஆட்கள் ஜோடி ஜோடியாக உட்காருகிறார்கள். அங்கே 40 போதும். இரண்டிலும் இருட்டு ஒன்றுதான், விண்வெளிக் கதையும் ஒன்றுதான். கவின் அமெரிக்காவின் அந்தக் கோடியில் பிறந்திருந்தால் ஸ்பேஸ் மவுண்டனில் ஏறியிருப்பான்.

அவனுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாசலில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர், உச்சியில் குறுக்குச் சட்டம் வைத்த கோலோடு நின்றார். கவின் குதிகாலை ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தான். சட்டம் முடிக்கு மேலே விரலகல இடைவெளி விட்டு நின்றது. அவர் குனிந்து, கையைக் காட்டி ஹைஃபைவ் கேட்டார். இவன் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பையன் கோலில் இடித்துக்கொண்டு உள்ளே போனான். அவனுடைய அம்மா தானாகவே சொன்னார்: நாலு வயது ஆகிறதாம்.

“நான்தான் பெரியவன்! அவன் நாலு!” கவின் அழுதான். நியாயம்தான். வயதுக்கு மதிப்பு உண்டு என்று நாம்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இப்படி ஒரு பிள்ளை வெளியே நின்றுவிட்டால், பெரியவர்கள் மாறி மாறிப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வரிசையில் போய் ஏறி வருவார். அதுவரை இன்னொருவர் பிள்ளையோடு இருக்கலாம். பிறகு அவர் முழு வரிசையிலும் நிற்காமல் தன் முறைக்குப் போகலாம். மாப்பிள்ளையும் இனியாவும் போனார்கள். இனியாவுக்கு இருட்டு பிடிக்கும். தங்கை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். நான் கவினைக் கூட்டிக்கொண்டு பீப்பிள்மூவரில் ஏறினேன்.

குட்டிப் பிள்ளைகளுக்காகவே யாரோ ஒளித்துவைத்தது போன்ற ரைடு அது. அதுவும் 1975-இல் வந்ததுதான். மேல்தளத்தில் திறந்த பெட்டிகள் சைக்கிள் வேகத்தில் ஊர்ந்து போகும். உயரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பாதி வழியில் பெட்டி ஒரு சுவருக்குள் நுழைந்தது; கும்மிருட்டு. கவின் என் கையைப் பிடித்தான். மேலே எங்கோ இரும்பு கடகடத்தது. மினுங்கும் பட்டைகள் ஒரு கணம் குறுக்கே பாய்ந்து மறைந்தன, கூடவே ஒரு கும்பலின் அலறல். ஸ்பேஸ் மவுண்டனின் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தோம்.

“மாமா, அப்பா கத்துறாரு!”

“அது உங்கப்பாதான்னு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.” அதற்குப் பிறகு அவனுக்கு அழுகை நின்றுவிட்டது. கீழே இறங்கியதும் அப்பாவைப் பார்த்து, “நீங்க பயந்தீங்க. நான் உள்ள வந்து பாத்தேன்” என்றான். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவன்போல் நின்றேன்.

இனியாவின் பிரச்சினை வேறு. அங்கே ஒரு கார் ரேஸ் பாதை உண்டு, டுமாரோலேண்ட் ஸ்பீட்வே. பெரியவரோடு உட்கார 32 அங்குலம் போதும். தனியாக ஓட்ட 54 வேண்டும். அவள் 52. காலையிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். இங்கே உயரம் என்றால் பச்சையாகக் கால் நீளம்; பெடல் எட்ட வேண்டும், எட்டிய காலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்தபடி ஓட்டினாள். எங்கள் காரில் பெடல் என் பொறுப்பு, ஸ்டியரிங் கவின் பொறுப்பு. பாதை நடுவே ஒரு தண்டவாளம் உண்டு. கவின் திருப்பிய திருப்புக்கெல்லாம் கார் அதில் இடித்து இடித்து நேரானது. பெட்ரோல் வாசனையில் எனக்குத் தலைவலி. அவனுக்கு அன்றைய நாளின் உச்சம்.

மாப்பிள்ளை இனியாவுக்காக நினைத்து வைத்திருந்தது டிரான். 2023 ஏப்ரலில் திறந்தது. மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் போகும். பைக்கில் உட்காருவதுபோல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால், பின்னாலிருந்து முதுகையும் கெண்டைக்காலையும் கம்பி பிடித்துக்கொள்ளும். முதுகும் காலும் அதில் பொருந்தினால்தான் பிடிப்பு. அதனால்தான் 48. வாசலில் ஒரு மாதிரி இருக்கை வைத்திருக்கிறார்கள். இனியா அதில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

“எனக்கு வேணாம்ப்பா.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு? காசு கொடுத்திருக்கோம்மா. தம்பி ஏங்குறான் பாரு, உனக்கு உயரம் இருக்கு.”

“உயரம் வந்துட்டா பயம் போயிடுமாங்க?” என்றாள் தங்கை.

கடைசியில் அப்பாவுக்காக வரிசையில் நின்றாள். நானும் கூடப் போனேன். ஏறும் மேடையில் கதவு திறந்ததும், அங்கிருந்த பெண் ஊழியரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் முகம் மாறாமல், வண்டியின் குறுக்காக அவளை மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய் வெளியேறும் வழியில் விட்டார். அது அவர்களுக்கு அன்றாட வேலை. பயந்தவர் திரும்பிப் போவதற்கு ஒரு வழி அங்கே எப்போதும் உண்டு. மாப்பிள்ளை போய்விட்டு வந்தார். முடி நட்டுக்கொண்டு நின்றது. “எப்படி?” என்று கேட்டதற்கு, “காபி எங்க கிடைக்கும் மச்சான்?” என்றார்.

மறுநாள் எப்காட் பூங்கா. அங்கே மிஷன்: ஸ்பேஸ் என்ற ரைடு, விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சுழல் இயந்திரத்தின் முறையில் கட்டப்பட்டது. 2003-இல் திறந்தார்கள். 2005 ஜூனில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் ஏறி மயங்கி, இறந்துபோனான். 44 அங்குலக் கோலில் அவன் தேறியிருந்தான். பிணப் பரிசோதனையில்தான் அவனுக்கு முன்பே இதயத் தசைநோய் இருந்தது தெரிந்தது. யாருக்கும் அதுவரை தெரியாது. அடுத்த ஆண்டு, சுழலாத பச்சை நிறப் பிரிவைத் தனியாக ஏற்படுத்தினார்கள். இப்போது வாசலில் இரண்டு வரிசை: சுழல்வது ஆரஞ்சு, 44, சுழலாதது பச்சை, 40. ஸ்பேஸ் மவுண்டனில் எங்களுக்குப் பின்னால் நின்ற அந்த நாலு வயதுப் பையன் எனக்கு நினைவுக்கு வந்தான். வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையைக் கோல் உள்ளே விட்டுவிடும். அவன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கோலுக்குத் தெரியாத இன்னொன்று எடை. அதே ஓர்லாண்டோவின் இன்டர்நேஷனல் டிரைவில் ஐகான் பார்க் இருக்கிறது. 2022 மார்ச் 24 அன்று அங்கிருந்த 430 அடி உயரக் கோபுர ரைடிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். உயரம் தாராளமாக இருந்தது. எடைதான் தயாரிப்பாளர் வைத்த 130 கிலோ வரம்பைத் தாண்டியிருந்தது. தோள் தடுப்பு முழுக்க இறங்காமலே பூட்டியதாகக் காட்டும்படி அந்த இருக்கையின் உணர்கருவி மாற்றிவைக்கப்பட்டிருந்ததை மாநில விசாரணை கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு கோபுரத்தைப் பிரித்தார்கள். அந்தச் சிறுவன் பெயரிலேயே ஒரு பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஃப்ளோரிடாவில் ராட்டினங்களைச் சோதிக்கும் பொறுப்பு விவசாயத் துறையிடம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் சொந்தமாகப் பரிசோதகர்களும் உள்ள பெரிய பூங்காக்களுக்கு மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. தங்கள் ரைடுகளை அவர்களே சோதித்துக்கொள்கிறார்கள். காயம் பட்டால் மாநிலத்துக்கு அறிக்கை கொடுக்கிறார்கள்.

நம் ஊர்த் திருவிழாவில் கொலம்பஸிலும் ஜெயன்ட் வீலிலும் கோலை நான் பார்த்ததில்லை. ஒரு சங்கிலியைக் குறுக்கே மாட்டிவிட்டு, “பிள்ளையப் பிடிச்சுக்கங்க” என்பார்கள். பிள்ளை அம்மா மடியில் இருக்கும். ஓர்லாண்டோவில் அந்தப் பொறுப்பைக் கோல் எடுத்துக்கொள்கிறது. அது நல்ல ஏற்பாடு. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது, அழுதாலும் இறங்கிவராது. ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி: இந்த இருக்கை இந்த உடம்பைப் பிடித்துக்கொள்ளுமா? மற்றக் கேள்விகளெல்லாம் நமக்கு. கோல் ‘சரி’ என்றதும் அந்தக் கேள்விகளைக் கேட்பதை நாம் நிறுத்திவிடுகிறோம். ‘இல்லை’ என்றால், ஏதோ பரீட்சையில் பெயிலான மாதிரி பிள்ளையின் ஷூவுக்குள் அட்டையைத் திணிக்கப் பார்க்கிறோம். பிள்ளையை ஏமாற்றி ஏற்றிவிடலாம். இருக்கையை ஏமாற்ற வழியில்லை.

கடைசியாக ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குப் போனோம். காலையில் இட்லி மாவு இல்லாத வாழ்க்கையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டே தங்கை பிரட்டில் நெய் தடவினாள். மாப்பிள்ளை செல்போனில் ரைடு பட்டியலைத் திறந்தார். “எதுல போகணும், எதுல வேணாம்? ரெண்டு பேரும் சொல்லுங்க” என்றார். முந்தைய நாட்களில் பட்டியலைப் போட்டவர் அவர்தான்.

ஸ்லிங்கி நாய் ரயில், 38 அங்குலம். இரண்டு பேரும் கை தூக்கினார்கள். அடுத்தது டவர் ஆஃப் டெரர். லிஃப்ட் அறுந்து விழுவதுபோல் இருட்டில் போட்டுத் தூக்கும் ரைடு. அதற்கு 40தான்.

“நான் 43! நான் போலாம்!” கவின் நாற்காலியில் ஏறி நின்றான்.

“கோல் விடும்டா. நான் விட மாட்டேன்” என்றாள் தங்கை. “ராத்திரி லிஃப்ட்ல வர மாட்டேன்னு என்கிட்டதான அழுவ?”

“அது வேற லிஃப்ட்!”

இனியா யோசித்தாள். “வாசல்ல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்ப்பா.”

“சரிம்மா” என்றார் மாப்பிள்ளை. வேறு எதுவும் சொல்லவில்லை. கவின் விடுவதாக இல்லை. காருக்குப் போகும்வரை வாதாடினான். கோல் இருக்கும் இடத்தில் இந்த விவாதம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். இங்கே நாங்களே பேசித்தான் முடிவுக்கு வர வேண்டியிருந்தது, அதற்குப் பார்க்கிங் வாசல் வரை பிடித்தது.